மறை

பூச்சியத்துக்குக் கீழே உள்ள எண்ணை எங்கள் கணிதப் பாடநூல்கள் ‘மறை எண்’ என்கின்றன. தமிழ்நாட்டில் அதையே ‘குறை எண்’ என்று எழுதுகிறார்கள். எங்கள் பிள்ளைகளுக்கோ மறை என்றதும் முதலில் நினைவுக்கு வருவது திருமறைதான். ஆகவே திசைகொண்ட எண்களைத் தொடங்கும் நாளில், ஏதாவதொரு பிள்ளை எழுந்து, “சேர், குர்ஆனுக்குச் சொல்ற மறையும் இதுவும் ஒண்டா?” என்று கேட்காமல் இருப்பதில்லை. மற்றப் பிள்ளைகள் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. நல்ல கேள்வி அது.

ஒன்றல்ல என்று சொல்லிவிட்டு நான் இலக்கணப் பாடத்துக்குப் போவேன். ‘ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்’ என்பதைப் பரீட்சைக்காக மனனம் செய்யாத தமிழ்ப் பிள்ளை எங்கே இருக்கிறது? செல்லாக் காசும் எதிர்மறைதான், வாடா மலரும் எதிர்மறைதான். ஒன்று எதற்கும் உதவாதது, மற்றது யாரும் விரும்புவது. எதிர்மறை சொல்வது ‘இல்லை’ என்பதை மாத்திரமே. இல்லாமற்போனது நல்லதா கெட்டதா என்பது வேறு விசாரணை.

ஆனால் ‘நெகட்டிவ்’ என்ற ஆங்கிலச் சொல் நமது வீடுகளுக்குள்ளும் ஆசிரியர் ஓய்வறைகளுக்குள்ளும் வேறொரு வேடத்தில் வந்து குந்திக்கொண்டது. “நெகட்டிவாக் கதைக்காதீங்க”, “அவர் சரியான நெகட்டிவ் ஆள்”... கருத்தரங்குகளில் வளவாளர்கள் வெண்பலகையில் பெரிதாக ஒரு சகக் குறியைப் போட்டு, இதுதான் வாழ்க்கை என்கிறார்கள். பக்கத்தில் ஒரு சயக் குறியைப் போட்டுக் குறுக்கே கீறிவிடுகிறார்கள். கணித ஆசிரியனான எனக்கு அதைப் பார்க்கும்போது வயிற்றைப் பிசையும். மறுநாள் வகுப்பில் அந்தக் குறியைத்தான் நான் பிள்ளைகளுக்குப் பழக்க வேண்டும். விடையில் சய வந்துவிட்டால் கணக்குப் பிழைத்துவிட்டதென்று பயந்து, இறப்பரால் குறியை அழித்துவிடும் பிள்ளைகள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள்.

இன்னொரு தடுமாற்றமும் உண்டு. −7, −3 இரண்டில் எது பெரிது என்று கேட்டால் வகுப்பில் பாதிப்பேர் −7 என்பார்கள். இதற்கு நான் எண்கோட்டை உடனே கீறுவதில்லை. சந்திக் கடைக் கொப்பியைத்தான் எடுப்பேன். எங்களூரில் அந்தக் கொப்பியில் பெயரில்லாத வீடு குறைவு. வெள்ளாமை வெட்டியதும் தருவதாகச் சொல்லி அரிசியிலிருந்து தேயிலை வரை எல்லாம் அதில் ஏறும். “ஒருவருக்கு ஏழாயிரம் கடன், மற்றவருக்கு மூவாயிரம். யாருடைய பாடு கொஞ்சம் நல்லம்?” மூவாயிரக்காரர்தான் என்று பின்வாங்கில் இருப்பவன்கூடச் சொல்லிவிடுவான்.

இது என் கண்டுபிடிப்பல்ல. பிரம்மகுப்தர் 628இல் மறை எண்களுக்கு விதிகள் எழுதியபோதே அவற்றைக் கடன் என்றும், நேர் எண்களைச் செல்வம் என்றும்தான் எழுதினார். பத்தாம் நூற்றாண்டில் பக்தாதில் இருந்த அபுல் வஃபா, எழுத்தர்களுக்கும் வணிகர்களுக்குமாக எழுதிய கணித நூலில் 3இலிருந்து 5ஐக் கழித்து ‘2 கடன்’ என்கிறார். அதைப் பத்தால் பெருக்கி 20 கடனாக்கி, 35உடன் சேர்த்து 15 பெறுகிறார். அபுல் வஃபாவுக்கு முன்பு ஒன்பதாம் நூற்றாண்டில் இருந்த அல்குவாரிஸ்மியோ, நமது மீலாத் மேடைகளில் அட்சரகணிதத்தின் தந்தையென்று முழங்கப்படுகிறவர், மறைத் தீர்வுகளை ஏற்கவேயில்லை. சமன்பாடுகளை ஆறு வகையாகப் பிரித்ததும் எல்லா உறுப்புகளையும் நேராகவே வைத்துக்கொள்ளத்தான். இதை மேடையில் யாரும் சொல்வதில்லை. சொன்னால் அவர் பெருமை குறைந்துவிடாது.

2020இல் இந்தச் சொல் எங்கள் தெருவுக்கே வந்தது. கொரோனாவால் இறந்தவர்களை எரிப்பதை அந்த ஏப்ரல் மாத வர்த்தமானி கட்டாயமாக்கியிருந்தது. டிசம்பரில் இருபது நாட் குழந்தையொன்று கொழும்பில் எரிக்கப்பட்டதும், பொரளை மயான வேலியில் மக்கள் வெள்ளைத் துணி கட்டியதும் இந்தப் பக்கங்களை வாசிப்பவர்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. அந்த மாதத்தில்தான் எங்கள் அயல்வீட்டு மாமா மௌத்தானார். சீனி வருத்தத்தில் சிறுநீரகம் பழுதாகிப் பல வருடம். வைத்தியசாலையில் பீசிஆர் எடுத்தார்கள். முடிவு வரும்வரை மையித்தைத் தரமுடியாது என்றார்கள்.

இரண்டு இரவுகள். மாமி தஸ்பீஹைக் கையில் வைத்திருந்தார், உருட்டவில்லை. மகன் தொலைபேசியை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் இருந்தான். தெரு முழுக்க ஒரு வார்த்தைக்காகத் துஆக் கேட்டுக்கொண்டிருந்தது. நேர்மறையாகச் சிந்திப்பதைப் பற்றி வெள்ளிதோறும் எங்களுக்கு வகுப்பெடுத்த நண்பரும், “யா அல்லாஹ், நெகட்டிவ் வரட்டும்” என்று கண்ணீரோடு கேட்டதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். மூன்றாம் நாள் காலை அந்த வார்த்தை வந்தது. வாசலில் நின்றவர்கள் அல்ஹம்துலில்லாஹ் என்றார்கள். மௌத்து வீடொன்றில் அந்தச் சத்தத்தில் அப்படியொரு ஆறுதலை அதற்கு முன் நான் கேட்டதில்லை.

இந்த நெகட்டிவ் எண்ணின் மறையல்ல, இலக்கணத்தின் எதிர்மறை. இருக்கிறதா என்ற கேள்விக்கு அகப்படவில்லை என்ற பதில். கிருமி இருந்தும் சோதனைக்கு அகப்படாமல் போவதுண்டு என்று வைத்தியர்களே சொல்வார்கள். ‘குறை’ என்ற சொல் இதற்குப் பொருந்தாது. ‘மறை’ பொருந்தும். அகப்படாதது மறைந்தும் இருக்கலாம். நமது பாடநூற்காரர்கள் தேர்ந்த சொல்லில் எனக்குப் பிடிப்பு ஏற்பட்டது அதன் பிறகுதான்.

மாமாவைக் குளிப்பாட்டி, கபனிட்டு, தொழுகைக்கு வைத்தோம். அனுமதித்த சிலர் மாத்திரமே நின்றோம். மகன் முன்னால் வந்து, “வாப்பா யாருக்கும் கடன் குடுக்க இருந்தா என்னிட்டக் கேளுங்க” என்றான். கடைக்காரக் காக்கா அப்போது ஒன்றும் பேசவில்லை. நாற்பது நாள் கழித்து, கொப்பியோடு வந்து, அந்தப் பக்கத்தைக் கிழித்துப் பையனிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

2021 பெப்ரவரியில் வர்த்தமானி மாறியது. மார்ச்சில் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்பும் கேட்டது.

எங்களோடு விஞ்ஞானம் படிப்பிக்கும் ஆசிரியை ஒருவரின் உம்மாவுக்கு முடிவு மறுபக்கமாக வந்திருந்தது. அடக்கத்துக்கு அனுமதி வருவதற்கு ஆறு வாரம் முந்தி. அவர் மின்கலத்தைக் கையில் எடுத்து அதன் இரு முனைகளையும் காட்டும்போது நேர், மறை என்றுதான் சொல்கிறார். பிள்ளைகள் பொசிட்டிவ் என்றால், பாடநூலில் உள்ளபடி சொல்லுங்கள் என்பார்.