ரவாங்கிலிருந்து கடலுக்குச் சைக்கிளில்

கடல் பார்க்க வேண்டுமென்றால் பஸ் பிடித்துப் போர்ட் டிக்சனுக்குத்தான் போக வேண்டுமா? வீட்டுச் சைக்கிளைத் துடைத்து, இரண்டு டயருக்கும் காற்றடித்து, பிரேக்கைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ரவாங்கிலிருந்து கோலசிலாங்கூர் ஐம்பது அறுபது கிலோமீட்டர்தான். விடியலில் புறப்பட்டால் வெயில் ஏறுமுன் பாதி வழி கடந்துவிடலாம்.

புறப்படும் ஊரே சாமானிய ஊரல்ல. பத்துமலைக் கோயிலை நிறுவிய தம்புசாமிப் பிள்ளையும் லோக் இயூவும் 1894இல் தங்கள் ஈயச் சுரங்கத்துக்கு மின்சாரம் கொண்டுவந்தது இங்கேதான். மலாயாவில் மின்சாரம் முதலில் வேலை செய்த ஊர் ரவாங்! இங்குள்ள சிற்றாறுகள் சிலாங்கூர் ஆற்றில் கலந்து கடலுக்குப் போகின்றன. அந்தத் தண்ணீர் போகும் திசையிலேயே நாமும் போகிறோம்.

வழியில் பத்து ஆராங். 1915இல் தொடங்கிய நிலக்கரிச் சுரங்கம் 1960இல் மூடப்பட்டது. இன்று அமைதியான சிற்றூர். ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுப் புறப்படுங்கள்.

அடுத்தது பத்தாங் பெர்ஜுந்தை. 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறினாலும், பெரியவர்கள் வாயில் பழைய பெயர்தான் வரும். இங்கிருந்து ஆறு நமக்குத் துணை. பால்மரம் நின்ற இடமெல்லாம் இப்போது செம்பனை. லாரிகள் வேகமாக வரும். ஒருவர் பின் ஒருவராக ஓரமாகவே போங்கள்.

செம்பனை நிழலில் சற்று நின்று ஒன்றை நினைத்துப் பாருங்கள். நம் பாட்டன்மார் காலத்தில் தோட்டச் சடக்கில் துரையோ கிராணியோ எதிரே வந்தால், தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும். சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய சைக்கிள்தான்; ஆனாலும் இறங்க வேண்டும். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் மூண்டபோது, சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி, பிள்ளைகளுக்கு முறையான படிப்பு என்ற கோரிக்கைகளோடு இதுவும் சேர்ந்தது: துரைக்கும் கிராணிக்கும் முன்னால் இறங்காமல் சைக்கிள் ஓட்ட அனுமதி வேண்டும். தலைமை தாங்கிய ஆர்.எச். நாதன் அந்த மே மாதம் கைதாகி, பின்னர் நாடு கடத்தப்பட்டார். பட்டாளம் வந்தது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள்.

பிள்ளைகளை அழைத்துப் போனால், இந்த இடத்தில் இதைச் சொல்லுங்கள்.

கோலசிலாங்கூருக்குச் சற்று முன்னால் கம்போங் குவாந்தான். இருட்டியபின் படகில் போனால், கரையோரப் பெரெம்பாங் மரங்களில் ஆயிரமாயிரம் மின்மினிகள் ஒரே தாளத்தில் மின்னுவதைக் காணலாம். அன்றிரவு கோலசிலாங்கூரில் உறவினர் வீட்டிலோ விடுதியிலோ தங்கிவிடுங்கள். இருட்டில் சைக்கிள் பயணம் வேண்டாம்.

ஆற்றின் முகத்தில் மணல் கடற்கரையை எதிர்பார்க்காதீர்கள். சேறும் கண்டல் மரமும் மீன்பிடிப் படகுகளுமே இருக்கும். கடலை முழுதாகப் பார்க்க, 1784இல் டச்சுக்காரர்கள் பிடித்த கோட்டை இருந்த புக்கிட் மெலாவத்திக்கு ஏறுங்கள். 1907இல் கட்டிய கலங்கரை விளக்கமும் அங்கே உண்டு. குரங்குகளிடம் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த மேட்டில் மூச்சு வாங்கினால் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளுங்கள். தவறில்லை. இப்போது இறங்கச் சொல்வது உங்கள் கால்வலி மட்டும்தான்.