நோட்டீஸ் வந்த அன்றே வக்கீல் வேண்டும்

பீளமேட்டில் எங்கே கூட்டம் நடந்தாலும் நான் ஒரு கேள்வி கேட்பது வழக்கம். "பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒருவர், வருமானம் எவ்வளவாக இருந்தாலும், அரசாங்கச் செலவில் வக்கீல் வைத்துக்கொள்ளலாம். இது எத்தனை பேருக்குத் தெரியும்?" கை தூக்குகிறவர்கள் ஒன்றிரண்டு பேர்தான். அவர்களும், "அது ஜெயில்ல இருக்கறவங்களுக்குத் தானுங்க?" என்று திருப்பிக் கேட்பார்கள்.

ஜெயிலில் இருப்பவர்களுக்கும் உண்டு, வீட்டை இழக்கப் போகிறவர்களுக்கும் உண்டு. 1976-இல் அரசியலமைப்பில் 39-ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. அதன்படி 1987-இல் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் இயற்றப்பட்டு, 1995 நவம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 12-ஆம் பிரிவு, இலவச சட்ட உதவி யாருக்கெல்லாம் உரிமை என்று பட்டியல் போடுகிறது. முதல் வரியிலேயே நாம் இருக்கிறோம்: பட்டியல் சாதியினர், பழங்குடியினர். பிறகு பெண்கள், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள், ஆலைத் தொழிலாளர்கள், சாதிக் கொடுமைக்கும் வெள்ளத்துக்கும் ஆளானவர்கள். வருமான வரம்பு கடைசியில் வருகிறது. அது இந்தப் பட்டியலில் வேறு எங்கும் அடங்காதவர்களுக்கு.

கிறிஸ்தவத்துக்கு மாறிய நம் குடும்பங்களும் இதைக் கவனிக்க வேண்டும். 1950-ஆம் ஆண்டு ஆணையின்படி அவர்களைப் பட்டியல் சாதியாகக் கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் அந்த வீட்டுப் பெண், பெண் என்ற ஒரே காரணத்துக்காக 12-ஆம் பிரிவுக்குள் வந்துவிடுகிறார். விண்ணப்பத்தில் அவர் பெயரைப் போட்டால் போதும்.

இவ்வளவு அகலமாகக் கதவைத் திறந்து வைத்திருக்கும் ஒரு சட்டம், நம் தெருவுக்கு வருவதற்குள் என்ன ஆகிறது என்பதைத்தான் சில வருடங்களாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் என்னிடம் காகிதங்களோடு ஆட்கள் வருவார்கள். நான் வக்கீல் இல்லை. படிக்கத் தெரியும், எங்கே போக வேண்டும் என்று சொல்லத் தெரியும், அவ்வளவுதான். வருகிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் வீட்டுப் பிரச்சினை. அவை பெரும்பாலும் மூன்று வகை.

முதலாவது லைன் வீடு. பவுண்டரி வேலைக்கும், மில்லுக்கும், மாநகராட்சித் துப்புரவு வேலைக்கும் போகிறவர்கள் இருப்பது அதில்தான். ஒரு அறை, பொதுக் கக்கூஸ், எழுத்தில் எந்த ஒப்பந்தமும் கிடையாது. ஒரு அக்கா வந்தார். குடிவந்து எட்டு மாதம் கழித்து வீட்டுக்காரருக்கு இவர் சாதி தெரிந்திருக்கிறது. "ஊர்ல இருந்து சொந்தக்காரங்க வராங்க, காலி பண்ணுங்க" என்றார். இவர் ஒரு மாதம் டைம் கேட்டார். மறுநாள் கரண்ட் இல்லை. போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனால், "இது சிவில் மேட்டரும்மா, பேசித் தீத்துக்கோங்க" என்று அனுப்பிவிட்டார்கள்.

தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த நில உரிமையாளர்கள் - வாடகைதாரர்கள் சட்டத்தின் 20-ஆம் பிரிவு, மின்சாரத்தையும் தண்ணீரையும் வீட்டுக்காரர் நிறுத்தக் கூடாது என்கிறது. மீறினால் வாடகை அதிகாரியிடம் போகலாம். திரும்பக் கொடுக்கச் சொல்லி அவர் இடைக்கால உத்தரவு போடலாம். ஆனால் அதே சட்டத்தின் 21-ஆம் பிரிவு, எழுத்தில் ஒப்பந்தம் போடத் தவறியதையே வெளியேற்றுவதற்கான ஒரு காரணமாகவும் வைத்திருக்கிறது. ஒப்பந்தம் போட மறுப்பவர் வீட்டுக்காரர், அதனால் வீதிக்கு வருபவர் குடியிருப்பவர். இந்த இரண்டு பிரிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "அக்கா, இங்கே மனு போட்டால் இது நடக்கலாம், அதுவும் நடக்கலாம்" என்று சொல்ல ஒரு வக்கீல் வேண்டும். நான் சொல்லக் கூடாது. சொன்னாலும் அது அரைகுறைதான்.

சாதி தெரிந்ததும் வீடு போவது நமக்குப் புதிதில்லை. அமெரிக்காவில் படித்துவிட்டு 1917-இல் பரோடா அரசில் வேலைக்குப் போன அம்பேத்கரை, தங்கியிருந்த பார்சி விடுதியிலிருந்து தடியோடு வந்து துரத்தினார்கள். ஒரு பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு பம்பாய்க்கு ரயில் ஏறினார். நூறு வருடம் தாண்டியும், வாடகைக்கு வீடு தர மறுக்கும் தனி ஆளைக் கேள்வி கேட்பது எளிதில்லை. ஆனால் குடியிருப்பவரைத் துரத்தினால் சட்டம் இருக்கிறது. பட்டியல் சாதியினர் ஒருவரை வீட்டை விட்டோ, ஊரை விட்டோ வெளியேற வைப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(இசட்) பிரிவில் குற்றம். அந்த அக்காவுக்கு ஸ்டேஷனில் கிடைத்த பதில் "சிவில் மேட்டர்".

இரண்டாவது வகை, பட்டா. ஆதிதிராவிடர் நலத்துறையில் இலவச வீட்டுமனைப் பட்டா வாங்கியிருப்பார்கள். காகிதம் இருக்கும், மனையை அளந்து காட்டியிருக்க மாட்டார்கள். தாத்தா வாங்கிய பட்டாவைப் பேரன் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டுவருவான்.

மூன்றாவது வகைதான் அவசரமானது: ஆக்கிரமிப்பு நோட்டீஸ். 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டத்தில் ஒரு வேடிக்கை உண்டு. முதலில் வர வேண்டியது 7-ஆம் பிரிவு நோட்டீஸ்: "உங்கள் மேல் ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது, காரணம் சொல்லுங்கள்." அதற்குப் பிறகுதான் 6-ஆம் பிரிவு: "காலி செய்யுங்கள்." அதன் மேல் 10-ஆம் பிரிவில் மேல்முறையீடு உண்டு. ஏழுக்குப் பதில் எழுதாமல் விட்டவர், ஆறு வந்த பிறகு அழுதுகொண்டு வருவார். கேட்டால், "என்னமோ ஒட்டிட்டுப் போனாங்க சாமி, பசங்க கிழிச்சுட்டாங்க" என்பார். வீடு இடிகிற நாளில் நாம் போராடுகிறோம், மறியல் செய்கிறோம், கைதாகிறோம். வீடு கையை விட்டுப் போனது அந்த முதல் காகிதத்துக்குப் பதில் போகாத அன்றுதான்.

2024 நவம்பர் 13 அன்று உச்சநீதிமன்றத்தில் நீதிபதிகள் கவாய், விஸ்வநாதன் அமர்வு புல்டோசர் இடிப்புக்கு எதிராகத் தீர்ப்புக் கொடுத்தபோது நம் ஆட்களும் கொண்டாடினார்கள். நோட்டீஸ் கொடுத்து 15 நாள் கழியாமல் இடிக்கக் கூடாது, நேரில் விசாரிக்க வேண்டும் என்றெல்லாம் நல்ல விதிகள் உள்ள தீர்ப்பு. ஆனால் சாலை, நடைபாதை, ரயில் பாதை ஓரம், ஆறு, நீர்நிலை போன்ற பொது இடங்களில் உள்ள அனுமதியற்ற கட்டடங்களுக்கு இந்த விதிகள் பொருந்தாது என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. கோவையில் நம் மக்களுக்கு வேறு எங்கே இடம் விட்டார்கள்? வாலாங்குளம், முத்தண்ணன்குளம் என்று குளக்கரைதானே மிச்சம். ஸ்மார்ட் சிட்டி என்று கரைகளுக்கு நடைபாதையும் விளக்கும் வந்தபோது, குளக்கரைக் குடும்பங்கள் கீரணத்தத்துக்கும் மலுமிச்சம்பட்டிக்கும் வெள்ளலூருக்கும் போனார்கள். 1905 சட்டத்தின் நோட்டீசும் விசாரணையும் புறம்போக்குக்கு இன்னும் உயிரோடுதான் இருக்கின்றன. எந்தத் தீர்ப்பு நம்மைக் காக்கும், எது காக்காது, எந்தப் பழைய சட்டத்தில் நமக்கு ஒரு பிடி இருக்கிறது என்று பிரித்துச் சொல்வதற்குப் பெயர்தான் சட்ட ஆலோசனை. வாட்ஸ்அப்பில் வரும் தீர்ப்புச் செய்தி அதைச் செய்யாது.

நம்மிடம் இருப்பது மனு. கொங்கு மண்டலத்துத் தலித்துக்கு மனு எழுதத் தெரியும். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் வாசலில் பார்த்தால் தெரியும். ஐம்பது ரூபாய் கொடுத்து எழுதி வாங்கி, "ஐயா அவர்கள் கருணை கூர்ந்து" என்று முடித்து, ரசீது வாங்கிப் பத்திரப்படுத்துவார்கள். 2017-இல் நெல்லை கலெக்டர் ஆபீசில் ஒரு குடும்பமே தீக்குளித்த பிறகு, மண்ணெண்ணெய் இருக்கிறதா என்று வாசலில் பையைச் சோதிக்கிறார்கள். சோதிக்க ஆள் போட்டார்கள். "உன் பிரச்சினைக்கு எந்தச் சட்டம், எந்த அதிகாரி, எத்தனை நாள்" என்று சொல்ல அந்த வாசலில் ஒரு மேசை போடவில்லை.

நடூரை நாம் மறக்க முடியாது. 2019 டிசம்பர் 2, விடியற்காலை, மழை. மேட்டுப்பாளையம் நடூர் ஏ.டி. காலனியை ஒட்டி எழுப்பப்பட்டிருந்த மதில் சுவர் ஓட்டு வீடுகள் மேல் விழுந்து 17 பேர் செத்தார்கள். அருந்ததியர் குடும்பங்கள். தீண்டாமைச் சுவர் என்று நாம் சொன்னோம், சொல்கிறோம். அந்தச் சுவர் ஆபத்து என்று முன்பே முறையிட்டோம், யாரும் காதில் வாங்கவில்லை என்று உயிர் தப்பியவர்கள் சொன்னார்கள்.

அப்போது நடைமுறையில் இருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். ஒரு கட்டடம் இடிந்து விழுந்து பக்கத்தில் வசிப்பவர்களுக்குக் காயம் ஏற்படுத்தும் நிலையில் இருந்தால், அதை அகற்றவோ, பழுதுபார்க்கவோ, முட்டுக் கொடுக்கவோ கோட்டாட்சியர் உத்தரவிடலாம். இப்போது அது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவு. இதே 133-ஐ வைத்துத்தான் மத்தியப் பிரதேசத்தின் ரத்லம் நகரவாசிகள் திறந்த சாக்கடைக்காக நகராட்சி மேல் வழக்குப் போட்டார்கள். 1980-இல் உச்சநீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணய்யர், காசில்லை என்று நகராட்சி தப்பிக்க முடியாது என்று தீர்ப்பு எழுதினார். ஏழைகளுக்கு இலவச சட்ட உதவி வேண்டும் என்று 1973-இல் மத்திய அரசுக்கு அறிக்கை கொடுத்த குழுவின் தலைவரும் அவர்தான்.

"சுவர் சாய்ந்திருக்கிறது, தயவு செய்து பாருங்கள்" என்பது மனு. "133-ஆம் பிரிவின்படி விசாரித்து உத்தரவிடுங்கள்" என்பது வழக்கு. முதலாவதைக் கோப்பில் போட்டு மூடலாம். இரண்டாவதுக்கு ஒரு உத்தரவு எழுதியாக வேண்டும், எழுதவில்லை என்றால் மேலே கேட்கலாம். இந்த வித்தியாசத்தைச் சொல்ல ஒரு சட்ட உதவி வக்கீல் அந்தக் காலனிக்குள் முன்பே நுழைந்திருந்தால் 17 பேரும் பிழைத்திருப்பார்கள் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. அதிகாரிகள் அப்போதும் அசையாமல் இருந்திருக்கலாம். ஆனால் அசையாமல் இருந்தது யார் என்பதற்குப் பெயரும் தேதியும் போட்ட காகிதம் மிஞ்சியிருக்கும்.

சரி, சட்ட உதவி எங்கே இருக்கிறது? நீதிமன்ற வளாகத்தில் இருக்கிறது. பீளமேட்டிலிருந்து பஸ் ஏறி டவுனுக்குப் போக வேண்டும், வேலை நாளில், ஆபீஸ் நேரத்தில். தினக்கூலிக்காரருக்கு அது ஒரு நாள் சம்பளம். காகிதம் குறைந்தால் இரண்டு நாள். அங்கே போனாலும் "கேஸ் போடணுமா?" என்பதுதான் முதல் கேள்வி. கேஸ் போடும் நிலைக்கு வராமல் இருக்கத்தான் ஆலோசனை என்பது மறந்துபோயிற்று. சட்டம் மறக்கவில்லை. 2-ஆம் பிரிவில் சட்டப்பணி என்றால் என்ன என்று சொல்லும்போது, நீதிமன்றம் மட்டுமல்ல, வேறு அதிகார அமைப்பு முன்னால் நடத்தும் நடவடிக்கையும், எந்தச் சட்ட விஷயத்திலும் ஆலோசனை தருவதும் அதில் அடங்கும் என்றே எழுதியிருக்கிறது. அதாவது, தாசில்தார் நோட்டீசுக்குப் பதில் எழுதிக் கொடுப்பதும் அவர்கள் வேலை.

நடக்காத ஊர்க்கதை இல்லை இது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2023 ஆகஸ்ட் முதல், வீட்டைக் காலி செய்யச் சொல்லி எழுத்தில் நோட்டீஸ் வந்த நாளிலிருந்தே, வருமானம் பார்க்காமல், அரசு செலவில் வக்கீல் ஆலோசனை தருகிறார்கள். நியூயார்க் நகரம் 2017-இல், வெளியேற்ற வழக்கைச் சந்திக்கும் ஏழை வாடகைதாரருக்கு வக்கீல் என்று சட்டம் போட்டது. இங்கேயும் தேசிய சட்டப்பணிகள் ஆணைக்குழு 2011-இல் போட்ட விதிமுறைகளில், கிராமங்களிலும் மக்கள் எளிதில் வரக்கூடிய இடங்களிலும் சட்ட உதவி மையம் திறக்க வழி இருக்கிறது. அதை நடத்தத் தன்னார்வலர்களும், முறை வைத்து வரும் வக்கீல்களும் உண்டு. புதிதாக எந்தச் சட்டமும் வேண்டாம். இருப்பதை நம் காலனிக்குள் கொண்டுவரச் சொல்கிறோம்.

நாங்கள் கேட்கப் போவது இவ்வளவுதான். குடியிருப்பு வாரிய வீடுகளிலும், பீளமேடு, சிங்காநல்லூர் பக்கத்துக் காலனிகளிலும் வாரம் ஒரு நாள் சட்ட உதவி மையம். மாலை ஆறு மணிக்கு மேல், அல்லது ஞாயிறு. தன்னார்வலர்களில் நம் பிள்ளைகள், முக்கியமாகப் பெண்கள். வீட்டை இடிக்கச் சொல்லிப் போகும் ஒவ்வொரு நோட்டீசின் அடியிலும் இலவச சட்ட உதவி எண்ணைத் தமிழில் அச்சடிக்க வேண்டும்.

"இனாம் வக்கீல் ஒழுங்கா வாதாடுவாங்களா?" என்று கேட்பார்கள். நியாயமான சந்தேகம். சரியில்லை என்றால் வேறு வக்கீல் கேட்டு மாவட்ட ஆணைக்குழுவுக்கு எழுதலாம். அதன் தலைவர் மாவட்ட நீதிபதி. அது சலுகை இல்லை, நம் வரிப்பணம்.

அதுவரை, நோட்டீஸ் வந்தால் இதைச் செய்யுங்கள். கிழிக்காதீர்கள். வாங்க மறுக்காதீர்கள். கிடைத்த தேதியை அதன் மேலேயே எழுதுங்கள். இரண்டு பக்கமும் போட்டோ எடுங்கள். எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று பாருங்கள். கரண்ட் பில், ரேஷன் கார்டு, வரி ரசீது, சாதிச் சான்றிதழ் நகல் நான்கையும் ஒரே பையில் வையுங்கள். 15100-க்குப் போன் போடுங்கள். காசு ஆகாது. தெருவில் பத்துப் பேருக்கு நோட்டீஸ் வந்திருந்தால் பத்துப் பேரும் சேர்ந்து போங்கள். அங்கே போய், "எனக்கு உதவி பண்ணுங்க சாமி" என்று கேட்காதீர்கள். "12-ஆம் பிரிவில் நான் வருகிறேன், எனக்கு வக்கீல் கொடுங்கள்" என்று கேளுங்கள்.

ஜெய் பீம்.