கை தேறும்வரை கஞ்சி

காயம்பட்டு ஒதுங்கிய ஆட்டக்காரர் ஒருவர் திரும்பி வந்து ஜெயித்துவிட்டால், அவருடைய மன உறுதியைப் பற்றி நாலு பத்தி எழுதாமல் நமக்குத் தூக்கம் வராது. அவர் ஆடாமல் இருந்த அத்தனை மாதமும் அந்த வீட்டில் அடுப்பு எதை வைத்து எரிந்தது என்று யாரும் கேட்பதில்லை. காவிரிக் கரையில் இருந்துகொண்டு இதைக் கேட்டால் பதில் கொஞ்சம் கசப்பாகத்தான் வரும். அறுவை சிகிச்சை செய்த கையைத் தேற்றுவதில் பெரும்பங்கு காலத்துக்கு. அந்தக் காலத்துக்குச் சோறு போட ஒருவர் வேண்டும். அவர் யாருக்கு வாய்க்கிறார், யாருக்கு வாய்க்கவில்லை என்பதைப் பார்த்தாலே யார் மீண்டு வருவார்கள் என்பதில் பாதியைச் சொல்லிவிடலாம் என்பது என் கட்சி.

இந்த விஷயத்தில் முதல் சாட்சி அமெரிக்காவிலிருந்து வருகிறது. பேஸ்பாலில் பந்து எறிபவரைப் பிட்சர் என்பார்கள். நம் பந்துவீச்சாளர் கையை நீட்டிச் சுழற்றுவார். பிட்சர் முழங்கையை மடக்கி, சாட்டையைப் போல விசிறி எறிவார். அந்த விசிறலின் பாரத்தைத் தாங்குவது முழங்கையின் உட்புறத்தில் இருக்கும் ஒரு சிறு தசைநார். 1974இல் லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸ் அணியின் இடக்கை வீச்சாளர் டாமி ஜானுக்கு அது அறுந்துபோனது. அதுவரை அப்படி அறுந்தால் ஆட்டக்காரர் வேறு தொழில் தேட வேண்டியதுதான். அந்த ஆண்டு செப்டம்பர் 25ஆம் தேதி ஃபிராங்க் ஜோப் என்ற மருத்துவர், ஜானின் வலது முன்கையிலிருந்து ஒரு தசைநாணை எடுத்து இடது முழங்கையில் துளையிட்டுக் கோத்தார். தேறுவதற்கு நூற்றில் ஒரு வாய்ப்பு என்பதுதான் அவருடைய கணக்கு. 1975 முழுவதும் ஜான் ஒரு போட்டியிலும் ஆடவில்லை. 1976இல் திரும்பியவர் 1989 வரை ஆடினார். அவருடைய 288 வெற்றிகளில் 164 அறுவைக்குப் பின் வந்தவை. இன்று அந்தச் சிகிச்சைக்கே அவர் பெயர்தான்.

164 என்ற எண்ணை எல்லோரும் சொல்கிறார்கள். ஆடாமல் இருந்த 1975தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கோத்த நாண் உடனே தசைநார் ஆகிவிடாது. பறித்து நட்ட நாற்று முதலில் வெளுத்துத் துவண்டு, பிறகு வேர் பிடித்துப் பச்சை கட்டுகிற மாதிரி, அந்த நாணின் பழைய செல்கள் முதலில் மடிகின்றன. பிறகு புது ரத்தக் குழாய்கள் உள்ளே ஓடி, அது மெல்ல மெல்ல முழங்கைக்குச் சொந்தமாகிறது. பிட்சர் ஒருவர் மறுபடி போட்டியில் இறங்க 12 முதல் 18 மாதம் பிடிக்கிறது. இதில் ஒரு வம்பும் உண்டு. வலி சீக்கிரம் போய்விடும். வலு அத்தனை சீக்கிரம் வராது. ஆகவே ‘கை சரியாகிவிட்டது’ என்று தோன்றும் மாதங்கள்தான் ஆபத்தானவை. அந்த மாதங்களில் எறியாமல் இருக்க மன உறுதி வேண்டும் என்பது சரி. எறிந்தால்தான் இந்த வாரம் காசு என்ற நிலை இல்லாதிருப்பது அதைவிட அவசியம். பந்து எறிவதும் மட்டை பிடிப்பதுமாக இரண்டையும் செய்கிற பேஸ்பால் ஆட்டக்காரர் ஷோஹெய் ஓட்டானி 2023இல் முழங்கையில் இரண்டாம் முறை அறுவை செய்துகொண்டு, அடுத்த ஆண்டு முழுக்க மட்டை மட்டும் பிடித்து, 2025 ஜூனில்தான் மறுபடி பந்து எறிந்தார். காத்திருக்க அவருக்கு இடம் இருந்தது.

நம் நாட்டுக் கதைகளும் இதையே சொல்கின்றன. நீரஜ் சோப்ராவுக்கு 2019 மே மாதம் மும்பையில் ஈட்டி எறியும் வலது முழங்கையில் அறுவை நடந்தது. தோஹாவில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பை அவர் தவறவிட்டார். 2020 ஜனவரியில் தென்னாப்பிரிக்காவின் போட்செஃப்ஸ்ட்ரூமில் 87.86 மீட்டர் எறிந்து ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றார். 2021 ஆகஸ்ட் 7ஆம் தேதி டோக்கியோவில் 87.58 மீட்டரில் தங்கம். அறுவைக்கு முன்பே அவர் ராணுவத்தில் நாயப் சுபேதார். சம்பளம் நிற்கவில்லை, உடலியக்கவியல் தெரிந்த ஜெர்மானியப் பயிற்சியாளரும் கூடவே இருந்தார். அவர் உழைப்பைக் குறைத்துச் சொல்ல இதை எழுதவில்லை. அந்த உழைப்புக்கு அடியில் தரை இருந்தது என்கிறேன், அவ்வளவுதான்.

‘சின்னப்பம்பட்டி நடராஜனிடம் என்ன இருந்தது?’ என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நல்ல கேள்வி. சேலம் பக்கத்து நெசவுக் கூலியின் மகன், டென்னிஸ் பந்தில் யார்க்கர் போட்டுப் பழகியவர், இந்தியாவுக்கு ஆடினார்; அப்புறம் வறுமை எப்படித் தடையாகும் என்பது வாதம். ஆனால் அவர் விழுந்த இடங்களைக் கவனியுங்கள். 2015இல் ரஞ்சி ஆடத் தொடங்கியதும் பந்து வீசும் விதத்தில் சந்தேகம் எழுந்தது. அதை மாற்றியமைக்கச் சென்னையில் பயிற்சியாளர்கள் கிடைத்தார்கள். பிறகு முழங்கைக் காயம். 2018இல் ஐபிஎல் அணியான சன்ரைசர்ஸ் அவரை 40 லட்சத்துக்கு எடுத்து, அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் ஒரு போட்டியிலும் இறக்காமல், முரளிதரன் பயிற்சியாளராக இருந்த அணியில் வைத்துக்கொண்டது. 2020இல் 16 விக்கெட். அதே ஆண்டு டிசம்பரில் ஆஸ்திரேலியாவில் இந்திய அணிக்குள் நுழைந்து, 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் டெஸ்டும் ஆடிவிட்டார். பெஞ்சில் உட்கார்ந்த அந்த இரண்டு வருடங்களை வீண் என்று பலர் அப்போது நினைத்திருக்கலாம். அவை சின்னப்பம்பட்டியில் கழிந்திருந்தால் உண்மையிலேயே வீணாகியிருக்கும். தம் ஊரிலேயே அவர் ஒரு மைதானம் கட்டி 2023இல் திறந்தாரே, அதன் காரணம் அவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.

இப்போது தஞ்சைக்கு வருவோம். சம்பாவும் தாளடியும் அறுத்த பிறகு, உளுந்தோ பயறோ தெளிக்காத வயல்களில் தாளைச் சமன்செய்து பிட்ச் போடுகிறார்கள். ஊர் ஊராக ஃபிளெக்ஸ் கட்டி டென்னிஸ் பந்துப் போட்டிகள், ரொக்கப் பரிசு, சுழற்கோப்பை. இந்த மைதானத்துக்கு ஆயுள் சில மாதம்தான். மேட்டூர் ஜூன் 12இல் திறக்கும் ஆண்டுகளில் குறுவைக்கு உழவு வந்துவிடும். மாசியில் தோள் பிசகிய பையனிடம் ஆறு மாதம் வீசாதே என்றால், அடுத்த மைதானம் அடுத்த தையில்தான். அவன் காத்திருப்பானா? களிம்பு தடவி, கட்டுப்போட்டு, மறுவாரமே வீசுவான். அவனிடம் உறுதிக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. அந்த உறுதிதான் அவன் தோளைக் கெடுக்கிறது. தசைநாரின் நாட்காட்டி வேறு, டெல்டாவின் நாட்காட்டி வேறு.

‘நெல் விளைகிற ஜில்லாவில் பந்து வீசுகிறவன் தோளைப் பற்றி என்ன இத்தனை கவலை?’ என்று யாரும் முகம் சுளிப்பதற்குள் சொல்லிவிடுகிறேன்: வீச்சாளன் கைக்கும் நடவுப் பெண்ணின் கைக்கும் உடற்கூறு ஒன்றுதான். நடவு சில வாரங்களில் முடிகிற வேலை. எந்திரம் வந்தபின் அதுவும் சுருங்கிவிட்டது. அந்த வாரங்களில் தோளுக்கு ஓய்வு கொடு என்று ஒருத்தியிடம் சொல்வது அந்தப் போகத்தின் கூலியையே விடச் சொல்வதாகும். தவில்காரருக்கும் இதே கதி. வலக்கை விரல்களில் கூடும் இடக்கையில் கழியுமாக மணிக்கணக்கில் அடிப்பவருக்கு வைகாசியில் மணிக்கட்டு வீங்கினால், முகூர்த்தங்களை விட்டுவிட்டு ஆடியில் என்ன செய்வார்? தென்னை ஏறுகிறவரைச் சொல்லவே வேண்டாம்.

வசதி எல்லாம் இருந்தும் மீளாதவர்கள் இல்லையா என்றால், நிறைய உண்டு. அதே நடராஜனை டெல்லி அணி 10.75 கோடிக்கு வாங்கியும் 2025இல் அவர் இரண்டு போட்டிதான் ஆடினார். காசு கொடுத்தால் கை தேறிவிடும் என்று நான் வாதாடவில்லை. காசில்லாத இடத்தில் கை தேறுவதற்கான சோதனையே நடப்பதில்லை என்கிறேன். தேறாமல் போனவருக்காவது தன்னால் முடியவில்லை என்ற கணக்கு ஒன்று மிஞ்சுகிறது. வயலில் வீசிக் கெட்டவனுக்கு அதுகூட மிஞ்சுவதில்லை.

இதற்கு ஒலிம்பிக் தரத்தில் மையம் கட்ட வேண்டும் என்று யாரும் கிளம்பிவிடக் கூடாது. ரிப்பன் வெட்டுவதோடு அது முடியும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையாளர் வீட்டுக்கே வருகிறார். முடங்கிக் கிடப்பவருக்குப் போகிற அந்தச் சேவையைத் தோள் பிசகிய இருபது வயதுக்காரனுக்கும் நடவுப் பெண்ணுக்கும் நீட்டுவது பெரிய வித்தை இல்லை. கஷ்டமான பாதி, காத்திருக்கும் நாளுக்கான கூலி. ஆலைத் தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ. மூலம் நோய்க்கால விடுப்பில் 70 சதவீத ஊதியம், ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கிறது. டாமி ஜானுக்கு நடந்த மாதிரியான சிகிச்சைக்கு 91 நாள் போதாது. பிசகிய தோளுக்கு அது பெரிய அவகாசம். அந்தத் திட்டத்துக்குள் விவசாயக் கூலி வரமாட்டார்.