தூக்கமா, சோர்வா?

வாயில்லாச் சீவன் தன் வலியைச் சொல்லாது. பூனையோ அதைக் காட்டவும் விரும்பாது. நோவு மிகுந்தால் கட்டிலுக்கு அடியிலோ அலமாரிக்குப் பின்னாலோ ஒதுங்கிவிடும். ஆகவே அது வலி தணிந்து உறங்குகிறதா, வலி தாளாமல் சுருண்டிருக்கிறதா, மருந்தின் மயக்கத்தில் கிடக்கிறதா என்று பிரித்தறியும் பொறுப்பு வளர்ப்பவர்களையே சேர்கிறது.

சென்ற ஆண்டு எங்கள் பூனையின் பின்னங்கால் எலும்பு வாகனம் மோதி முறிந்தது. அறுவை சிகிச்சை செய்த கால்நடை மருத்துவர் இரண்டு மருந்துகளை எழுதித் தந்தார். வீக்கத்தையும் வலியையும் குறைக்கும் மெலாக்சிகாம், நாளுக்கு ஒருமுறை, சில நாட்களுக்கு மட்டும். நரம்பின் வழியே உணரும் வலியைத் தணிக்கும் கேபாபென்டின், 12 மணி நேரத்துக்கு ஒருமுறை. பின்னதை சுப்ஹுக்குப் பின் ஒன்றும் மஃரிபையொட்டி ஒன்றுமாகக் கொடுத்து வந்தோம்.

முதல் நாள் மாலையே பூனை தள்ளாடியது. உணவுக் கிண்ணத்தின் மேல் தலை கவிழ்ந்து உறங்கிற்று. "பச்சப்புள்ள மாதிரி மயங்கிக் கெடக்குதே, அந்த மருந்த நிப்பாட்டுங்க" என்று உம்மம்மா கண் கலங்கினார்கள். வாப்பா உடனே மருத்துவரை அழைத்தார்கள்.

மருத்துவரின் விளக்கம் எங்கள் பதற்றத்தைத் தணித்தது. கேபாபென்டின் நரம்பு மண்டலத்தில் வேலை செய்வதால் உறக்கமும் தள்ளாட்டமும் எதிர்பார்க்கத்தக்கவையே. கொடுத்து ஓரிரு மணி நேரத்தில் தொடங்கி, சில மணி நேரத்தில் அவை குறையும். அளவு மிகுதி என்று தோன்றினால் மருத்துவர் குறைத்துத் தருவார். நாமாக நிறுத்தினால் வலி திரும்பும். ஆனால் மெலாக்சிகாம் பொதுவாக உறக்கம் தருவதன்று. அதை உண்ணும் பூனை சோர்ந்து, உணவை மறுத்து, வாந்தி எடுத்தாலோ கருநிறத்தில் மலம் கழித்தாலோ, இரைப்பைக்கோ சிறுநீரகத்துக்கோ தீங்கு நேர்ந்திருக்கலாம். அப்போது அடுத்த வேளை மருந்தைக் கொடுக்காமல் மருத்துவரை அழைக்க வேண்டும்.

அன்று முதல் நாட்காட்டித் தாளின் பின்புறம் எங்கள் பதிவேடாயிற்று. மருந்து கொடுத்த நேரம், உண்ட அளவு, சிறுநீர் கழித்தது ஆகியவற்றைக் குறித்தோம். பெயர் சொல்லி அழைத்தால் காது திரும்புகிறதா, மீன் வாசனைக்குத் தலை நிமிர்கிறதா, ஈறுகள் இளஞ்சிவப்பாக உள்ளனவா என்று பார்த்தோம். எழுப்பியும் எழாமை, மூச்சுத் திணறல், வெளிறிய அல்லது நீலம் பாய்ந்த ஈறு ஆகியவை உடனே விரைய வேண்டிய அடையாளங்கள். ஒரு நாள் முழுதும் உண்ணாதிருந்தாலும் பொறுத்திருக்கலாகாது. பட்டினி தொடர்ந்தால் பூனையின் கல்லீரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே ஆபத்தாகும்.

மாடிப்படியை அடைத்தோம், மெத்தையைத் தரையில் விரித்தோம், விளிம்பு தாழ்ந்த மணல் தட்டு வைத்தோம். உறங்கும் பூனையைத் தூக்கி விளையாடலாகாது என்று பிள்ளைகளுக்குச் சொன்னோம். வீட்டிலிருக்கும் பாரசிட்டமால் மாத்திரையைக் கொடுத்துப் பார்க்கலாமே என்று யோசனை சொன்னவர்களும் உண்டு. பூனையின் உடலால் அம்மருந்தை முறையாகச் சிதைத்து வெளியேற்ற இயலாது. ஒரே மாத்திரையும் அதன் உயிரைக் குடிக்கலாம்.

நான்காம் நாள் அக்குறிப்புகளைக் கண்ட மருத்துவர் மாலை மருந்தின் அளவைக் குறைத்தார். தள்ளாட்டம் தணிந்தது, உறக்கம் இயல்பாயிற்று. அல்ஹம்துலில்லாஹ், இப்போது சற்றே நொண்டியபடி முற்றத்தைச் சுற்றி வருகிறது.

பூனையைக் கட்டிவைத்து உணவளிக்காமல் விட்ட பெண்ணைப் பற்றிய நபிமொழியைச் சிறுவயது முதல் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். உணவும் நீரும் தருவதோடு அந்தப் பொறுப்பு முடிந்துவிடுவதில்லை. நோயுற்ற பூனை நம் கையில் ஓர் அமானிதம். உறங்குகிறதே என்று இரக்கப்பட்டு மருந்தை நிறுத்துவதும், உறங்குகிறதே என்று நிம்மதியடைந்து பாராமல் விடுவதும் அதற்குத் தீங்கே. உற்றுப் பார்ப்பதும், ஐயம் எழுந்தால் அறிந்தவரிடம் கேட்பதுமே அந்த அமானிதத்தைக் காக்கும் வழி.