ஈரத்துணியோடு நடக்கும் தூரம்

குற்றாலத்தில் அறை தேடுகிறவர்கள் முதலில் வாடகையைக் கேட்பார்கள். அடுத்த கேள்வி, "ஃபால்ஸ் பக்கம்தானா?" அதற்கு எல்லா லாட்ஜிலும் ஒரே பதில்தான் கிடைக்கும்: "இந்தா, நடந்துபோற தூரம்தான் அண்ணாச்சி." போகும்போது அது உண்மைதான். காய்ந்த உடம்போடு, கடைகளை வேடிக்கை பார்த்துக்கொண்டு ஒரு கிலோமீட்டர் நடப்பது யாருக்கும் பெரிதில்லை. திரும்பி வரும்போதுதான் தூரம் தெரியும். இடுப்பில் ஈர வேட்டி, தலையில் போகாத எண்ணெய், தோளில் தூங்கி விழும் குழந்தை, முகத்தில் அறையும் சாரல், இதற்கு மேல் பசி. ஈரத்துணியோடு முகம் சுளிக்காமல் நடந்து வர முடிகிற தூரத்தில் இருக்கும் அறைதான் என் கணக்கில் குற்றாலத்தில் நல்ல அறை.

மற்ற ஊர்களில் பகலெல்லாம் சுற்றிவிட்டு ராத்திரி படுப்பதற்குத்தான் அறை. குற்றாலம் அப்படியல்ல. இங்கே வந்தவர்கள் ஒரு முறை குளித்துவிட்டு நிற்பதில்லை. விடியற்காலையில் ஒரு குளியல், இட்லி சாப்பிட்டுவிட்டு எண்ணெய் தேய்த்து இன்னொன்று, மதியத் தூக்கம் முடிந்து ஒன்று, ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் பேரருவியில் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் நடுவே உடை மாற்ற வேண்டும், தலை துவட்ட வேண்டும், கொஞ்ச நேரம் சுருண்டு படுக்க வேண்டும். அருவிக்கும் பாய்க்கும் இடையே இப்படிப் போய்ப் போய் வருவதுதான் குற்றாலச் சுகம். அறை எட்டத்தில் இருந்தால் நான்கு குளியல் இரண்டாகக் குறைந்துவிடும். மிச்சம் பிடித்த வாடகை அங்கேயே போய்விடும்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழை கேரளப் பக்கம் கொட்ட, மலையைத் தாண்டி இந்தப் பக்கம் சாரலும் காற்றும் வருகிற மாதங்கள்தான் சீசன். அந்த நாட்களில் வாடகையை நிர்ணயிப்பது லாட்ஜ்காரர் இல்லை, தண்ணீர். "தண்ணி விழுதா?" என்ற கேள்வி சங்கரன்கோவிலிலிருந்தும் ராஜபாளையத்திலிருந்தும் விருதுநகரிலிருந்தும் தென்காசிச் சொந்தக்காரர்களுக்குப் போனில் வந்துகொண்டே இருக்கும். "நல்லா விழுது" என்று பதில் போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் அறை வாடகை ஏறிவிடும். அதே கட்டில், அதே மெத்தை, சனிக்கிழமை ஒரு விலை, திங்கட்கிழமை மத்தியானம் வேறு விலை. குறைந்த செலவில் குற்றாலம் பார்க்க நினைப்பவர்களுக்கு என்னிடம் இருக்கும் ஒரே உறுதியான யோசனை, திங்கள் முதல் வியாழன் வரை வாருங்கள் என்பதுதான். பள்ளிக்கூடப் பிள்ளைகள் உள்ள வீட்டில் அது முடியாது என்பதும் தெரியும். அதனால்தான் மற்றதையெல்லாம் எழுதுகிறேன்.

பேரருவிக்கும் குற்றாலநாதர் கோயிலுக்கும் பக்கத்தில் இருப்பவைதான் எல்லோரும் விரும்பும் அறைகள். பேரூராட்சியின் விடுதிகளுக்கு முதலில் முயல வேண்டும். கிடைக்காவிட்டால் தனியார் லாட்ஜ். அதுவும் நிரம்பிவிட்டால் ஐந்தருவி சாலை, காசிமேஜர்புரம், இலஞ்சி, மேலகரம் என்று அடுத்தடுத்த வட்டங்கள் விரியும். திரிகூடராசப்பக் கவிராயர் பிறந்த ஊர் மேலகரம். குற்றாலத்தைக் குறவஞ்சியாகப் பாடியவரே தென்காசிக்கும் அருவிக்கும் நடுவில் இருந்தவர்தான். இந்த ஊர்களில் சீசனுக்கு முழு வீட்டையே நாள் வாடகைக்கு விடுகிறார்கள். இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து வந்தால் இதைவிடச் சிக்கனமான வழி கிடையாது. பாயும் ஸ்டவ்வும் கொண்டுவந்தால் சாப்பாட்டுச் செலவும் பாதியாகும்.

கடைசி வட்டம் தென்காசி. அருவியிலிருந்து சுமார் 5 கிலோமீட்டர். பொதிகை எக்ஸ்பிரஸ் சென்னைக்காரர்களைக் காலையில் இங்கேதான் இறக்கிவிடுகிறது. பஸ் ஓயாமல் ஓடுகிறது. ஐரோப்பாவில் வெனிஸுக்குப் போகிறவர்கள் தீவுக்குள் அறை விலை கட்டுப்படியாகாமல் பாலத்துக்கு இந்தப் பக்கம் மெஸ்த்ரேயில் தங்கி, பத்து நிமிட ரயிலில் போய் வருவார்கள். தென்காசி நமக்கு மெஸ்த்ரே. ஆனால் மெஸ்த்ரேயில் இல்லாதது தென்காசியில் இருக்கிறது. பராக்கிரம பாண்டியன் 15ஆம் நூற்றாண்டில் எழுப்பிய காசி விஸ்வநாதர் கோயில், 1990இல் மறுபடி எழுந்த அதன் ராஜகோபுரம், அந்தக் கோபுர வாசலில் ஆளையே தள்ளும் காற்று. இதற்காகவே ஒரு ராத்திரி தங்கலாம்.

தென்காசியில் தங்குவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மலையில் மழை வலுத்து, பேரருவியில் தண்ணீர் பாதுகாப்பு ஆர்ச்சைத் தாண்டிக் கொட்ட ஆரம்பித்தால் குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள். போட்டுத்தான் ஆக வேண்டும். 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீரென வந்த வெள்ளம் 17 வயதுச் சிறுவன் ஒருவனைக் கொண்டுபோனதை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. தடை நாளில் குற்றாலத்தில் அறை எடுத்தவர்கள் பால்கனியில் நின்று மலையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். தென்காசியில் இருந்தால் இலஞ்சிக் குமாரர் கோயில், செங்கோட்டை, பிரானூர் பரோட்டா என்று பொழுது போகும். அதே நேரம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். தடை நீங்கிய செய்தி முதலில் எட்டுவது அருவிப் பக்கத்து அறைக்குத்தான். கூட்டம் கூடுவதற்குள் ஓடிப்போய் நிற்பவர்கள் அவர்கள்தான்.

அறையைப் பார்க்கும்போது டிவியையும் ஏசியையும் காட்டுவார்கள். சாரல் காற்றில் ஏசிக்கு என்ன வேலை? நான் முதலில் பார்ப்பது துணி காயப்போடும் கொடி. சீசனில் ஒரு துண்டு காய இரண்டு நாள் ஆகும். நல்ல அறை என்றால் பின்பக்கம் கூரை போட்ட ஒரு தாழ்வாரமும், சுவருக்குச் சுவர் கட்டிய நைலான் கயிறும், அதில் பழைய பிளாஸ்டிக் கிளிப்புகளும் இருக்கும். அது இல்லாத அறையில் துணியெல்லாம் ஜன்னல் கம்பியிலும் நாற்காலி முதுகிலும் ஃபேன் அடியிலும் தொங்கி, இரண்டாம் நாள் அறை முழுக்கப் பூஞ்சை வாடை பிடித்துவிடும். அடுத்து கட்டிலின் தலைமாட்டுச் சுவர். முந்தி வந்தவர்கள் தலையெண்ணெய் அங்கே வட்டம் வட்டமாகப் படிந்திருந்தால் தலையணை உறையைக் கழற்றிப் பார்த்துவிட்டுத்தான் அட்வான்ஸ் கொடுக்க வேண்டும்.

காசு கொடுத்துத் தங்கும் குற்றாலத்துக்கு முந்தி, விருந்தாளியாகத் தங்கும் குற்றாலம் ஒன்று இருந்தது. ரசிகமணி டி.கே.சி. 1954இல் மறையும்வரை அவர் வீடு அப்படித்தான் இருந்தது. ராஜாஜியும் கல்கியும் வந்தார்கள், கவிதை பேசினார்கள், இலை போட்டுச் சாப்பிட்டார்கள். சீசனுக்குத் தென்காசிச் சொந்தக்காரர் வீட்டில் போய் இறங்கும் வழக்கம் இன்னும் முழுக்கப் போய்விடவில்லை. ஆனால் சொந்தக்காரர் இல்லாதவர்கள்தான் அதிகம். அவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

ஞாயிற்றுக்கிழமை வேன்களைப் பாருங்கள். ராத்திரியே கிளம்பி விடியற்காலை வந்து சேர்கிறார்கள். புளிச்சாதமும் முட்டையும் கட்டிக்கொண்டு, சேலையை மறைப்பாகப் பிடித்து ரோட்டோரம் பெண்கள் உடை மாற்றி, வேனிலேயே படுத்துவிட்டுப் பொழுது சாயத் திரும்புகிறார்கள். வெனிஸில் 2024இல் நெரிசல் மிகுந்த நாட்களில், ராத்திரி தங்காமல் போகிறவர்களிடம் 5 யூரோ வாங்க ஆரம்பித்தார்கள். குற்றாலத்தில் அருவியில் நிற்க யாரும் ஒரு காசு தர வேண்டாம். அந்த நீதி இங்கே கெடாமல் இருக்கிறது. அறையில்தான் அது தடுக்கிறது. 2022 ஜூலை 18க்கு முன்பு ஆயிரம் ரூபாய்க்குக் குறைந்த அறைக்கு ஜிஎஸ்டி கிடையாது. அன்றுமுதல் அதற்கும் 12 சதவீதம் விழுந்தது. 2025 செப்டம்பரில் 5 ஆக இறங்கியது. இறங்கியது நல்லதுதான். ஆனால் வேனில் வருகிறவர்களுக்கு வேண்டியது வரிக்குறைப்பு இல்லை. வரிசையாகப் பாய் விரிக்க ஒரு கூடம், பூட்டி வைக்கப் பெட்டி, பெண்களுக்குக் கதவுள்ள உடை மாற்றும் அறை, ராத்திரி முழுக்கத் தண்ணீர் வரும் கழிப்பறை, தலைக்கு இவ்வளவு என்று ஒரு சின்னக் கட்டணம். அந்தக் காலத்துச் சத்திரங்கள் செய்த வேலைதான் இது. சாரல் விழாவுக்கு மேடை போடுகிற அரசு இதையும் கட்டலாம். அருவிக்கு எட்டாத தூரத்தில் இல்லாமல், நடந்துபோகிற இடத்திலேயே கட்ட வேண்டும்.

வயதானவர்களை அழைத்து வருகிறவர்களுக்கு மட்டும் வேறு கணக்கு. முழங்கால் வலிக்கு அருவித் தண்ணீர் விழட்டும் என்று அம்மாவைக் கூட்டி வந்துவிட்டு, தென்காசியில் தங்கி ஈரச் சேலையோடு பஸ்ஸில் ஏற்றக் கூடாது. ஒரு நாளைக் குறைத்துக்கொண்டாவது பேரருவிப் பக்கத்தில், கீழ்த்தளத்தில், படி இல்லாத அறையாக எடுங்கள். இளைஞர்களுக்குத் தென்காசி போதும். விடியற்காலை முதல் பஸ்ஸைப் பிடித்துவிடலாம்.