பின்னாடி ஒரு 'டொக்'

எங்க ஆதம்பாக்கத்துல, அதுவும் ஒரு சந்துக்குள்ள, ஸ்போர்ட்ஸ் கார் நிக்குதுன்னு சொன்னா சிரிப்பீங்க. மாமாவோட ஸ்டாண்டர்ட் ஹெரால்டுதான் அது. மார்க் 3, நாலு கதவு. 1959-ல் இங்கிலாந்தில் வந்த டிரையம்ஃப் ஹெரால்டின் சேஸியைச் சுருக்கித்தான் 1962-ல் ஸ்பிட்ஃபயர்ங்கற ரெண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் காரைச் செஞ்சாங்க. பின்பக்க அமைப்பு ரெண்டுக்கும் ஒண்ணுதான். அந்த வகையில வண்டலூர்ல பொறந்த நம்ம ஹெரால்டு, ஸ்பிட்ஃபயருக்கு ஒண்ணுவிட்ட அண்ணன் :-)

சரி, மேட்டருக்கு வருவோம். வண்டியின் பின்னாடி ஒரு 'டொக்'. ஒரு மெக்கானிக் ஷாக் அப்சார்பர் மாத்தினார். சத்தம் போகலை. அடுத்தவர் பட்டையைக் கழட்டி மாட்டினார். அப்பவும் 'டொக்'. மூணாவது ஆள், "மொத்தத்தையும் தூக்கிட்டு வேற வண்டி ஆக்ஸில் போட்டுடலாம் சார்"னுட்டார். மாமா நொந்து போய், "வித்துடலாமாடா?"ன்னு கேட்டுட்டார்.

"ஒரு ஞாயித்துக்கிழமை குடுங்க மாமா. எதையும் கழட்ட மாட்டேன்"னேன்.

நம்ம பொழப்புல பக் எப்ப வருதுன்னு தெரியாம கோடுல கை வைக்க மாட்டோம் இல்லையா? அதே கதைதான். காருக்குள்ள சத்தம் எங்கேருந்து வருதுன்னு காதை நம்ப முடியாது, சேஸி முழுக்க கடத்திடும். எப்ப வருதுன்னு மட்டும் பாருங்க.

முதல்ல டிக்கியைக் காலி பண்ணணும். ஜாக்கி, ஸ்பானர், ஸ்டெப்னி எல்லாம் வெளியே. பாதி 'டொக்' இங்கயே தீர்ந்துடும். எங்களுக்குத் தீரலை.

பள்ளத்துல மட்டும் வந்தா ஷாக் புஷ், பட்டை நுனி புஷ், ரேடியஸ் ஆர்ம் புஷ். பிரேக் அடிக்கும்போது வந்தா மறுபடி ரேடியஸ் ஆர்ம், இல்லே பிரேக் பிளேட் போல்ட். திருப்பத்துல வந்தா வீல் நட்டு, பேரிங். கிளட்ச் விடும்போதோ, ஆக்ஸிலேட்டரை அழுத்தி எடுக்கும்போதோ ஒரே ஒரு 'டொக்' வந்தா யூ.ஜே. கிராஸ், கிரவுன், இல்லேன்னா ஹப் நட்டு.

தெருவுல முன்னாடி, பின்னாடி மெதுவா ஓட்டிப் பார்த்தோம். ஃபர்ஸ்ட் போட்டா ஒண்ணு, ரிவர்ஸ் போட்டா ஒண்ணு. வேகத்தடையில சத்தமே இல்லை. பாவம், ஷாக்கும் பட்டையும் நிரபராதிகள்.

முன் சக்கரங்களுக்குக் கட்டை வச்சு, பின்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டுல நிறுத்தினோம். (வெறும் ஜாக்கியை நம்பி யாரும் அடியில போகாதீங்க.) ஒவ்வொரு கிராஸுக்கும் ரெண்டு பக்கமும் பிடிச்சு எதிரெதிரா முறுக்கணும். நல்ல கிராஸ்ல ஆட்டமே இருக்காது. இடது ஷாஃப்ட்டின் உள்பக்க கிராஸ் நல்லா ஆடுச்சு. கப்பைச் சுத்தி சிவப்பா துருப்பொடி வேற.

இதை அலட்சியமா விடக்கூடாது. அம்பாசடர் மாதிரி வண்டிகள்ல ஆக்ஸில் ஒரே குழாய். ஹெரால்டுல கிரவுன் சேஸியோட இறுகி நிக்கும், மேல குறுக்கா ஒரே பட்டை, ரெண்டு பக்கமும் தனித்தனி ஷாஃப்ட் கதவு மாதிரி மேலும் கீழும் ஆடும். அந்த ஷாஃப்ட்தான் சக்கரத்தைச் சுத்தவும் வைக்குது, இடத்துல பிடிச்சும் வைக்குது. கிராஸ் முழுசா விட்டா வண்டி நிக்கிறதோட போகாது, சக்கரமே திசை மாறும். மாமா அதுல பேத்தியை ஏத்திக்கிட்டு ஓ.எம்.ஆர் போறவர்.

பழைய கிராஸை ஜி.பி. ரோடுக்குக் கையிலயே எடுத்துட்டுப் போய் அளவு பார்த்து வாங்கினோம். தெருமுனை மெக்கானிக் அண்ணன் மாட்டினார். "சத்தம் போச்சு தம்பி, ஆனா இந்த வண்டி பின்பக்கமே வம்பு"ன்னார்.

அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கு. நம்ம ஊர்ல வாங்கினவங்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் இந்த ஆக்ஸில் பிடிக்கலை. 1972-ல் வந்த கஸல்ல ஸ்டாண்டர்ட் கம்பெனியே இதை விட்டுட்டு ஒரே குழாய் ஆக்ஸிலுக்கு மாறிடுச்சு. திருப்பத்துல வேகமாப் போய் சட்டுனு ஆக்ஸிலேட்டரை விட்டா, பின் சக்கரம் உள்ளே மடங்கி வால் வீசும். மாமாகிட்ட அதையும் சொல்லிட்டேன்.

ஷாக், பட்டை வேலைக்குப் போன காசு போனதுதான். வண்டி விக்கிற பேச்சு மட்டும் இப்ப இல்லை. உங்க வண்டியில 'டொக்'குன்னா, ஷெட்டுக்குப் போகும்போது 'பின்னாடி சத்தம்'னு மொட்டையா சொல்லாதீங்க. எப்ப வருதுன்னு ஒரு துண்டுச் சீட்டுல எழுதிக் குடுங்க. பாதி வேலை அங்கயே முடிஞ்சுடும்.