நூற்றியொரு கீரை

ஜோர்ஹாட்,
சித்திரை 13.

அன்புள்ள பாப்பாவுக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. (பாப்பா என்று எழுதும்போதே சிரிப்பு வருகிறது. ஐம்பத்தெட்டு வயதாகியும் உனக்கு வேறு பெயர் வாய்க்கவில்லை.)

தினமும் போனில் பேசுகிறவளுக்குக் கடிதம் எதற்கு என்பாய். போனில் நீ "எப்ப வர்றே?" என்பாய், நான் "பார்ப்போம்" என்பேன், அதற்குள் உன் வாசலில் பால்காரரோ என் அடுப்பில் குக்கரோ கூப்பிட்டுவிடும். போன ஞாயிற்றுக்கிழமை இன்னொன்றும் கேட்டாய். "பூட்டிக் கிடக்கிற வீட்ல கரையான் ஏறுது. வாடகைக்கு விடவா, இல்ல நீ வந்துருவியா, ஒண்ணு சொல்லு" என்றாய். பிறகு குரலைத் தாழ்த்தி, "பொண்ணு வீட்ல எத்தனை நாளைக்குக்கா?" என்றாய். எனக்கு வாய் வரவில்லை. சிக்னல் இல்லை என்று வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

நான்கு நாளாக இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

முதலில் ஒரு பொய்யைத் திருத்திவிடுகிறேன். வந்த நாளிலிருந்து பங்குனி மாதம் வரை நான் உன்னிடம் "நல்லா இருக்கேன்" என்று சொன்னதெல்லாம் சும்மா. நன்றாக இல்லை. ஆவணியில் நாகர்கோவிலில் நீயும் உன் வீட்டுக்காரரும் என்னை விவேக் எக்ஸ்பிரஸில் ஏற்றிவிட்டீர்களே, கன்னியாகுமரியிலிருந்து திப்ருகர் வரை 4,100 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் வண்டி, நம் நாட்டிலேயே நீளமான ஓட்டம் என்று மாப்பிள்ளை பெருமையாகச் சொன்னார். எனக்கோ பாலக்காடு தாண்டும்போதே புளியோதரை இறங்கவில்லை. மூன்று ராத்திரி. ஒடிசாவுக்குப் பிறகு ஜன்னலுக்கு வெளியே எந்த ஊர்ப் பெயரும் எனக்குப் பாடப்புத்தகத்தில் சொல்லிக்கொடுத்த பெயராகத்தான் தெரிந்தது. முப்பது வருஷம் மூன்றாம் வகுப்புக்குப் பிரம்மபுத்திரா என்று கரும்பலகையில் எழுதிப்போட்டவள், பாலத்தில் வண்டி போகும்போது அதைப் பார்த்து வாயடைத்துப் போனேன். மறுகரை கண்ணுக்குத் தெரிகிற மாதிரியும் இருக்கிறது, தெரியாத மாதிரியும் இருக்கிறது. நம் ஊரில் குழாயடியில் குடத்தை வரிசையில் போட்டுவிட்டுத் தண்ணீருக்காகக் காத்துக்கிடந்தோமே, அதுதான் நினைவுக்கு வந்தது. கோபம்கூட வந்தது, யார்மேல் என்று தெரியவில்லை.

இங்கே தண்ணீருக்குப் பஞ்சமில்லை. ஆனால் நிலத்தடி நீரில் இரும்பு. மணலும் கரியும் போட்ட தொட்டியில் வடிகட்டித்தான் புழங்குகிறார்கள். அது தெரியாமல் முதல் வாரம் நேராகக் குழாய்த் தண்ணீரில் ஊறப்போட்டு, என் வெள்ளைச் சேலை ஒன்று காவியாகிவிட்டது. சந்நியாசம் வாங்கிய மாதிரி இருக்கிறது என்று மகள் சிரித்தாள். எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை.

மழையைச் சொன்னால் நம்பமாட்டாய். உன் அத்தான் நம் வீட்டு நாள்காட்டியில் மழை பெய்த அன்று மட்டும் கட்டத்துக்குள் நீலமையால் எழுதிவைப்பார், நினைவிருக்கிறதா? ஐப்பசி, கார்த்திகை தவிர மற்ற மாதமெல்லாம் கட்டங்கள் சும்மா கிடக்கும். இங்கே வருஷத்துக்கு 2,000 மில்லிமீட்டர் பக்கம் பெய்யும் என்கிறாள் மகள். வந்த புதிதில் ராத்திரி தகரக் கூரையில் சடசடவென்று விழும்போதெல்லாம் நான் எழுந்து தாழ்வாரத்தில் வாளி வைத்துவிட்டு வந்தேன். காலையில் மாப்பிள்ளை ஒன்றும் சொல்லாமல் கொட்டிவிட்டுப் போவார். ஒரு மாதம் இப்படி நடந்தது.

அதைவிடக் கொடுமை இருட்டு. மார்கழியில் சாயங்காலம் நாலரைக்கெல்லாம் இருண்டுவிடும். ஏழு மணிக்கு நடுச்சாமம் போல ஊர் அடங்கிவிடும். இப்போது சித்திரையில் ஐந்து மணிக்கு முன்னாலேயே வெயில் முகத்தில் அடிக்கிறது. சூரியன் எழுந்து, பல் தேய்த்து, பாதி வேலை முடித்த பிறகுதான் நம் கடிகாரம் ஆறு அடிக்கும். நாடு முழுக்க ஒரே மணி என்பது இந்த மூலையில் இருப்பவர்கள் தலையில் விடிந்திருக்கிறது. தேயிலைத் தோட்டத்துக்காரர்கள் மட்டும் அந்தக் காலத்திலிருந்து தங்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். 'பாகான் டைம்' என்று பெயர். நான் இப்போது அதில்தான் இருக்கிறேன். எனக்குப் பிடித்தும் இருக்கிறது.

ஆனால் உனக்குச் சொல்ல வேண்டியது மழையும் இருட்டும் இல்லை. மகள் வீட்டில் நான் எப்படி இருந்தேன் என்பது. குளிர்சாதனப் பெட்டியைத் திறக்கமாட்டேன். மாப்பிள்ளை சாப்பிட்டு எழுந்த பிறகுதான் தட்டு எடுப்பேன். குழம்பில் உப்புக் குறைவு என்று நாக்குக்குத் தெரியும், சொல்லமாட்டேன். நம் அம்மா, நீ பிள்ளை பெற்றபோது உன் புகுந்த வீட்டுக்கு வந்து, வாசல் திண்ணையிலேயே உட்கார்ந்து ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் போனாளே, அவள் என் முதுகில் ஏறி உட்கார்ந்திருந்தாள் என்று வைத்துக்கொள். மாப்பிள்ளை தங்கமான பையன். அவர் எதிரில்தான் எனக்குக் கூச்சம் அதிகம். மகள் தோக்லாய்த் தேயிலை ஆராய்ச்சி நிலையத்துக்கும் அவர் பாங்குக்கும் போனபிறகு, பேரன் பள்ளிக்கூடம் போனபிறகு, பெட்டியைத் திறந்து என் சேலைகளை மடித்ததையே மறுபடி மடித்து வைப்பேன். பெட்டியிலிருந்து அலமாரிக்கு அவற்றை மாற்றவே இல்லை.

மாறியது பிஹுவில்.

நமக்குச் சித்திரை ஒன்று என்றால் இவர்களுக்கு அன்று பிஹு, மாட்டுக்கு விழா. மஞ்சளும் உளுந்தும் அரைத்துப் பூசி மாடுகளைக் குளத்தில் குளிப்பாட்டுகிறார்கள். நாம் தையில் செய்வதை இவர்கள் சித்திரையில் செய்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். அந்த நாட்களில் நூற்றியொரு வகைக் கீரை சேர்த்துச் சமைத்துச் சாப்பிட வேண்டும் என்று ஒரு வழக்கம். பின்வீட்டில் ஓர் அம்மா, என்னைவிட இரண்டு வயது மூப்பு இருக்கும், தாழ்வாரத்தில் தறி போட்டு நெய்துகொண்டே இருப்பாள். நான் 'பாய்தேவ்' என்று கூப்பிடுகிறேன், அக்கா என்று அர்த்தம். (எனக்கும் அக்கா என்று கூப்பிட ஒருத்தி கிடைத்தாள், பார்.) அதுவரை எங்களுக்குள் ஒரே ஒரு பேச்சுதான். அவள் "பாத் காலே நே?" என்பாள். சாப்பிட்டாச்சா என்று. நான் தலையாட்டுவேன். அவள் ஒருமுறை நீட்டிய தாமூலை நம் ஊர்க் கொட்டைப்பாக்கு என்று நினைத்து வாயில் போட்டு, பச்சைப்பாக்கு சொக்கி, தை மாசக் குளிரில் வேர்த்து விறுவிறுத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தாம்பூலம்தான் இங்கே தாமூல். சொந்தக்காரப் பெயர் என்று நம்பினது என் தப்பு.

பிஹுவுக்கு முன்னால் ஒருநாள் மூங்கில் கூடையோடு வேலியருகே வந்து "ஆஹக், ஆஹக்" என்று கையசைத்தாள். "ஹாக்" என்றாள். எனக்குப் புரியவில்லை. கீரையைத்தான் இவர்கள் ஹாக் என்கிறார்கள். எழுத்து 'ச'தான், வாயில் வரும்போது 'ஹ' மாதிரி ஆகிவிடுகிறது. போனேன். அவர்கள் வீட்டுக்குப் பின்னால் பாக்கு மரங்கள், ஒரு குட்டை, அதைச் சுற்றி ஈரம். அவள் குனிந்து வட்ட இலை ஒன்றைக் கிள்ளி என் முகத்துக்கு நேரே காட்டி, "மானிமுனி" என்றாள்.

ஏட்டி, வல்லாரை!

என்னையறியாமல் தமிழில் கத்திவிட்டேன். அவளுக்குச் சிரிப்பு. அடுத்து ஒன்று, "தெங்கேசி" என்றாள். புளியாரை! நாம் பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில் தின்போமே, அதே புளிப்பு. அடுத்தது "மாட்டிகாந்துரி". பொன்னாங்கண்ணி! அவள் ஒரு பெயர், நான் ஒரு பெயர், நடுவில் இலை. இரண்டு கிழவிகளும் கூடையை மறந்துவிட்டு நின்றோம். வேலியோரம் அவள் ஒரு கொத்தை ஒடித்து மரியாதையாக நீட்டி, "நரசிங்க" என்றாள். மோந்து பார்த்தால் கறிவேப்பிலை. எட்டு மாதமாக நான் மகளிடம் கறிவேப்பிலை இல்லாத ஊர் என்று புலம்பிக்கொண்டிருந்தேன், அது முப்பதடி தூரத்தில் வளர்ந்துகொண்டிருந்தது. கறிவேப்பிலை மாதிரி ஒதுக்கிவைப்பது என்று நாம் சொல்கிறோம். இங்கே அதற்கு நரசிம்மர் பெயர்.

தெரியாதவையும் இருந்தன. நுனி சுருண்ட பெரணி ஒன்று, 'தெக்கியா'. வதக்கினால் வழுவழுப்பில்லாமல் நன்றாக இருக்கிறது. இன்னொரு கொடி, கசக்கினால் கழிவறை நாற்றம். வயிற்றுக்கு நல்லதாம். நான் மூக்கைப் பொத்த, அவள் வயிற்றைத் தடவிக்காட்டி வற்புறுத்தினாள். நூற்றியொன்று என்பது பேருக்குத்தான். கூடையில் எண்ணிப் பார்த்தேன், முப்பத்தாறு. எனக்குப் பெயர் தெரிந்தது பதினொன்று. நெல்லையிலிருந்து நான் தூக்கிவந்த மத்தை எடுத்து, பூண்டும் மிளகாயும் போட்டு ஒரு சட்டி கடைந்து கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர்கள் கடைந்து சாப்பிடுவதில்லை; மத்தைக் கையில் வாங்கி உருட்டி உருட்டிப் பார்த்தாள். மறுநாள் தானே நெய்த, சிவப்புக் கரை போட்ட கமோசாத் துண்டு ஒன்றை என் தோளில் போட்டாள். நீ அனுப்பியிருந்த கடலைமிட்டாயைக் கொடுத்தேன். அவள் எள்ளுருண்டை கொடுத்தாள்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது "குழம்பில் உப்பு இல்லடி" என்று சொன்னேன். மகள் கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "இன்னிக்குத்தாம்மா நீ வந்து சேர்ந்திருக்க" என்றாள். மறுநாள் அதே உப்புக்காக எங்களுக்குள் பெரிய சண்டை. அதை இங்கே எழுதவில்லை.

பிஹு முடிந்து இரண்டு நாளில் ஒரு காற்று அடித்தது. இந்தப் பருவத்தில் வருமாம். எங்கள் கொட்டகைத் தகரம் ஒன்று பறந்து குட்டையில் விழுந்தது. இந்த ஊர்ப் பழைய வீடுகள் எல்லாம் லேசானவை, மரச்சட்டமும் நாணல் தட்டியில் பூசிய மண்சுவரும், மேலே தகரம். 1897லும் 1950லும் வந்த பூகம்பங்களை வைத்துக் கற்ற பாடம் என்கிறார்கள். கட்டடம் ஆடினாலும் ஆள் சாகாது. ஆனால் காற்றுக்கு அந்த நியாயம் தெரியாது. மின்சாரம் போயிற்று. மாப்பிள்ளை தீக்குச்சியை உரச உரச மருந்துதான் உதிர்ந்தது. அத்தனை ஈரம். நான் அரிசி டின்னுக்குள் கைவிட்டு என் பெட்டியை எடுத்து ஒரே உரசலில் பற்றவைத்தேன். தீப்பெட்டி ஆபீசுக்குப் பெட்டி ஒட்டிக் கொடுத்து வளர்ந்தவளுக்கு இதுகூடத் தெரியாதா! அதன் பக்கவாட்டில் என்ன அச்சிட்டிருந்தது தெரியுமா? கோவில்பட்டி. இங்கே கடைத்தெருவில் வாங்கியது. சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தாவுக்குப் போய்க் கற்றுவந்த தொழில். மழையில்லாத நம் கரிசல் பக்கம் அது பிடித்துக்கொண்டது. அந்தப் பெட்டி இப்போது கல்கத்தாவையும் தாண்டி, மழை ஓயாத ஊருக்கு வந்து அரிசிக்குள் படுத்திருக்கிறது.

பாய்தேவும் நெருப்புக் கேட்டு வந்தாள். மெழுகுவத்தி வெளிச்சத்தில் உட்கார்ந்து ஏதோ சொன்னாள், பேரன் மொழிபெயர்த்தான். (அவன்தான் என் வாத்தியார். ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தை வைத்து எனக்கு எழுத்துச் சொல்லித் தருகிறான். தப்பாக எழுதினால் "ஆச்சி, மறுபடி" என்கிறான், முப்பது வருஷம் நான் சொன்ன அதே குரலில்.) இந்தக் காற்றுக்கு 'பர்தோய்சிலா' என்று பெயராம். அவள் ஒரு பெண்ணாம். கட்டிக்கொடுத்த இடத்திலிருந்து பிஹுவுக்கு அம்மா வீட்டுக்குப் போகிறாள். அவசரம், அதனால்தான் வழியில் கூரையும் மரமும் பார்ப்பதில்லை. திரும்பும்போதும் ஒருதரம் அடிப்பாளாம்.

மகள் அம்மா வீட்டுக்குப் போவதற்குக் காற்று இருக்கிறது, பாப்பா. அம்மா மகள் வீட்டுக்குப் போவதற்கு எந்த ஊரிலும் காற்று இல்லை போலிருக்கிறது. நான் ரயிலில்தான் வந்தேன்.

வீட்டை வாடகைக்கு விட்டுவிடு. வெள்ளையடித்து, பின்கட்டு ஓட்டை மாற்றிவிட்டுக் கொடு. சின்னப் பிள்ளைகள் இருக்கிற குடும்பமாகப் பார். வேப்பமரத்தில் கைவைக்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடு. ஆட்டுரலை உன் வீட்டுக்குக் கொண்டுபோ. உன் அத்தானின் நாள்காட்டிகள் பீரோவின் அடித்தட்டில் கட்டாக இருக்கும். அவற்றை மட்டும் கரையான் தின்னாமல் எடுத்து வை. மற்றதெல்லாம் உன் விருப்பம். எனக்குக் கஷ்டமாக இல்லையா என்று கேட்காதே. இருக்கிறது. நேற்றுத்தான் பெட்டியிலிருந்து சேலைகளை அலமாரிக்கு மாற்றினேன், அடியில் உன் பழைய நீலச் சேலை வந்துவிட்டது, கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன்.

இனிக் கடலைமிட்டாய் அனுப்பாதே, இந்த ஈரத்தில் இளகிவிடுகிறது. நல்லெண்ணெயும் சுண்டவத்தலும் போதும். தீப்பெட்டி பார்சலில் வாங்கமாட்டார்களாம், கேட்டுப் பார்த்துவிட்டேன்.

ஐப்பசிக்குப் பிறகு நீ கிளம்பி வா. மழை விட்டிருக்கும், குளிர் ஆரம்பித்திருக்காது. கீழ்ப் படுக்கையாகப் பதிவு செய். சாவியைக் கொண்டுவர வேண்டாம், குடிவருகிறவர்களிடம் கொடுத்துவிடு. மரியானி என்று ஒரு ஜங்ஷன் வரும், நாலாம் நாள். அங்கே இறங்க வேண்டும். தூங்கிவிட்டால் திப்ருகருக்குக் கொண்டுபோய் விட்டுவிடுவான்.

உன்,
அக்கா